காணாமல் போக விரும்புவோர் கவனத்திற்கு

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், புயல், வெள்ளம், மண்சரிவு முதலிய காரணங்களால் வருகிற பருவமழையில் காணாமல் போக இருக்கும் பொதுமக்கள் இந்த அறிவிப்பை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துக்கொள்ளவும். உங்களைத் தேட இனிமேல் ட்ரோன் வரும். நாலு போலீஸ்காரர்கள் டார்ச் லைட்டோடு வந்து கரையில் நின்று பீடி பிடித்துவிட்டுப் போன காலமெல்லாம் மலையேறிவிட்டது. தேடுகிறவர்கள் இவ்வளவு முன்னேறிய பிறகும் தொலைகிறவர்கள் மட்டும் தாத்தா காலத்து வழக்கப்படி இஷ்டத்துக்குத் தொலைந்துகொண்டிருந்தால் எப்படி?

முதலில் நாள் பார்க்க வேண்டும். ட்ரோனுக்கு மழை ஆகாது. பலத்த காற்று ஆகாது. மூடுபனி அதன் கண்ணை மறைக்கும். எனவே வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகிறவர்கள் நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போகவும். புயலில்தான் போவேன் என்று அடம் பிடிப்பவர்கள், புயல் கரையைக் கடந்து, காற்று அடங்கி, அமைச்சர் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு போனால் எல்லோருக்கும் சௌகரியம்.

அடுத்தது தூரம். கடையில் கிடைக்கும் சாதாரண ட்ரோனின் பேட்டரி 25 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் வரை தாங்கும். போகிற நேரமும் திரும்பி வருகிற நேரமும் அதற்குள்தான். பார்வையிட வந்த அதிகாரியை மேலிருந்து நாலு கோணத்தில் எடுக்கும் நேரமும் அதற்குள்தான். ஆகவே தார்ச்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் காணாமல் போவது உத்தமம். விமான நிலையம், ராணுவ முகாம் பக்கம் ஒதுங்க வேண்டாம். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் நாட்டின் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வைத்திருக்கின்றன. சிவப்பில் விழுந்து தொலைத்தால் மேலே பறக்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பச்சையிலேயே தொலையவும்.

வெப்பக் கேமரா என்று ஒன்று உண்டு. அது சுற்றுப்புறத்துக்கும் உங்கள் உடம்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடிக்கும். அதனால் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவும். செத்துப்போய்ச் சூடு ஆறிவிட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல. சேற்றுக்கு அடியிலும் தண்ணீருக்கு அடியிலும் அந்தக் கேமரா பார்க்காது, எனவே மேலாகவே கிடக்கவும். மரத்தடியில் கிடக்க வேண்டாம், இலை மறைக்கும். நம்மூர் மத்தியான வெயிலில் பாறையும் மணலும் மனித உடம்பைவிட அதிகமாகக் கொதிக்கும். அந்நேரம் கேமராவுக்குக் கல்லுக்கும் ஆளுக்கும் பேதம் தெரியாது. அரசாங்கத்துக்கு எந்நேரமும் தெரியாது என்பது வேறு விஷயம்.

இந்த நிபந்தனைகளையெல்லாம் அனுசரித்து ஒருவர் காணாமல் போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பிறகு என்ன நடக்கிறது? கொள்ளிடக் கரையோ தாமிரபரணிக் கரையோ, எங்கேயானாலும் காட்சி ஒன்றுதான். தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது. அவர்களிடம் கயிறும் டியூப்பும் இருக்கின்றன, ட்ரோன் இல்லை. தாசில்தார் ஆர்.ஐ.யைக் கேட்கிறார், ஆர்.ஐ. வி.ஏ.ஓ.வைக் கேட்கிறார், வி.ஏ.ஓ. பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோக்காரப் பையனுக்குப் போன் போடுகிறார். "தம்பி, அந்த ஹெலிகேமை எடுத்துக்கிட்டு உடனே வாப்பா, சார் நிக்கிறாரு." கல்யாண ஜோடியின் படம் ஒட்டிய பெட்டியோடு பையன் பைக்கில் வருகிறான். மூன்று பேட்டரி. ஒன்று காலையில் ஒரு காதுகுத்தில் காலி. இன்னொன்று பாதி. பறக்க விடுகிறான். செல்போன் அளவுத் திரையில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. அந்தத் திரைக்குள் இருபது தலை எட்டிப் பார்க்கிறது. ஆறு பழுப்பாக, ஒரே பழுப்பாக ஓடுகிறது. கரையில் உட்கார்ந்திருக்கும் அம்மா எழுந்து வந்து, "ஏதாச்சும் தெரியுதாப்பா?" என்கிறாள். "இன்னும் இல்லைக்கா." "நீலச் சட்டை போட்டிருந்தான் தம்பி." பையன் திரையை நெஞ்சோடு அணைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நீலத்தைத் தேடுகிறான். பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்படியே டி.ஆர்.ஓ. கார் வர்றதை ஒரு டாப் ஷாட் எடுத்துரு தம்பி, குரூப்ல போடணும்."

மறுநாள் காலை உடலைக் கண்டெடுப்பது பரிசல்காரர். அவருக்கு ஆற்றின் சுழி எங்கே, எந்த மடுவில் பொருள் ஒதுங்கும் என்பது தெரியும். செய்தியில் வருவது: "ட்ரோன் மூலம் தீவிரத் தேடுதல் வேட்டை, உடல் மீட்பு." பரிசல்காரருக்கு ஒரு டீ. ஸ்டுடியோ பையனுக்கு அதுவும் இல்லை. அந்தப் பையனை நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தன் சொந்தக் கடனில் வாங்கிய கருவியை, காசு வராது என்று தெரிந்தே ஆற்றுக்கு மேலே பறக்கவிட்டவன் அவன். மாவட்ட நிர்வாகம் என்ற பெரிய மனிதருக்குத்தான் சொந்தமாக ஒரு ட்ரோனும், அதை ஓட்டச் சம்பளத்துக்கு ஒரு ஆளும், சார்ஜ் ஏறிய ஆறு பேட்டரியும் வைத்துக்கொள்ள வக்கில்லை.

கருவியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 2013 ஜூனில் கேதார்நாத் வெள்ளத்தின்போதே தேசியப் பேரிடர் மீட்புப் படை 'நேத்ரா' என்ற இந்தியத் தயாரிப்பு ஆளில்லா விமானத்தை உத்தராகண்ட் மலைகளில் பறக்கவிட்டுச் சிக்கியவர்களைத் தேடியது. ஆள் போக முடியாத பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்க அதைவிட நல்ல கண் கிடையாது. ஆனால் அந்தக் கண்ணுக்கு இரண்டு விவரங்களை மனிதன்தான் சொல்ல வேண்டும். யார் காணோம்? கடைசியாக எங்கே இருந்தார்? இது இரண்டும் தெரியாமல் பறப்பது வானத்தில் ஊர் சுற்றுவது.

ஆஸ்திரேலியாவில் 'அவுட்பேக் ஜோ' என்று ஒருவன் இருக்கிறான். பொம்மைதான். 2007இல் அங்கே ஒரு போட்டி தொடங்கினார்கள். ஆளில்லா விமானம் தானாகவே பறந்து போய், காட்டுவெளியில் வழி தவறித் தாகத்தில் கிடக்கும் ஜோவைக் கண்டுபிடித்து, அவன் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைப் போட வேண்டும். பல நாட்டுக் குழுக்கள் வருஷக்கணக்கில் தோற்றுப்போய், 2014இல்தான் ஜோவுக்குத் தண்ணீர் கிடைத்தது. பிறகு ஜோவுக்கு மருத்துவ உதவி போய்ச் சேர வேண்டும் என்று போட்டியை மாற்றினார்கள். 2018இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' குழு அதில் இரண்டாம் இடம் வாங்கியது. நடிகர் அஜித்குமார் அந்தக் குழுவுக்கு ஆலோசகர் என்பதால் ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டிய விஷயம்தான். நம் பிள்ளைகளுக்கு மூளை இருக்கிறது, கைவேலை இருக்கிறது, குவீன்ஸ்லாந்து வரை போய் ஒரு பொம்மையைக் காப்பாற்றும் திறமை இருக்கிறது.

எனக்கு ஜோவின் மேல்தான் பொறாமை. என்ன யோகக்காரன்! அவன் காணாமல் போவதற்கு முன்பே, காணாமல் போகிறான் என்பதை ஏற்பாட்டாளர்கள் எழுத்துமூலமாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவன் எங்கே கிடக்கிறான் என்பது நடுவர்களுக்குத் தெரியும். அவன் பெயர் பட்டியலில் உண்டு. அவனுடைய பெண்டாட்டி ரயில் தண்டவாளத்தில் போய் உட்கார வேண்டியதில்லை.

குமரி மாவட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக்குப் பக்கத்தில் கடந்து போனது. மறுவாரம், டிசம்பர் 7, குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மீனவப் பெண்களும் ஆண்களும் தண்டவாளத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "எங்க ஆளுகளைத் தேடுங்க" என்றார்கள். ஒரு குடியரசில் ஒரு குடிமகளின் புருஷனைத் தேட வைப்பதற்கு அவள் ரயிலை மறிக்க வேண்டியிருந்தது.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி, பூத்துறை, இரவிபுத்தன்துறை. இந்த ஊர்க்காரர்கள் கரையோரத்தில் வலை வீசுகிறவர்கள் இல்லை. சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போட்டபடி நூற்றுக்கணக்கான கடல் மைல் போய், வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது அவர்களில் பலர் கிளம்பிப் பல நாள் ஆகியிருந்தது. கரையில் ஒலிபெருக்கியில் சொன்ன எச்சரிக்கை ஆழ்கடலில் யார் காதில் விழும்? அப்புறம் எத்தனை பேர் கடலில் இருந்தார்கள் என்று கேட்டால் மீன்வளத் துறையிடம் ஒரு கணக்கு, வருவாய்த் துறையிடம் ஒரு கணக்கு, சட்டமன்றத்தில் ஒரு கணக்கு, பங்குத்தந்தையின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கணக்கு. கடைசியில் சரியாக இருந்தது எது என்று கேட்காதீர்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதியது அந்த நோட்டுப் புத்தகத்தில்தான்.

கப்பல் போகவில்லை, விமானம் போகவில்லை என்று சொன்னால் பொய். போயின. ஆளில்லா விமானமும் நமக்கு அன்று அந்நியமில்லை. ராமநாதபுரம் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படைத் தளத்தில் 2012ஆம் ஆண்டிலிருந்தே அதற்கென்று ஒரு படைப்பிரிவு இருக்கிறது. குறை வேறு இடத்தில். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவன் கவிழ்ந்த இடத்திலேயே இருக்க மாட்டான், காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போய்க்கொண்டிருப்பான். அந்தப் பக்கம் எது என்று தூத்தூர்க்காரனுக்குத் தெரியும். ஒக்கியில் தப்பிய படகுகள் லட்சத்தீவிலும், அதையும் தாண்டி மகாராஷ்டிரத்தின் தேவ்கடிலும் போய்க் கரையேறின என்பதைப் பார்த்தாலே எவ்வளவு தூரம் தேடியிருக்க வேண்டும் என்பது புரியும். "இன்னும் தூரம் போங்க, எங்களையும் கூட்டிட்டுப் போங்க, இடம் காட்டுறோம்" என்று அவர்கள் கெஞ்சினார்கள். சண்டை போட்ட பிறகுதான் கப்பலில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அதற்குள் தங்கள் படகையே எடுத்துக்கொண்டு, தங்கள் டீசலையே ஊற்றிக்கொண்டு, புயல் அடித்த கடலுக்குள் தங்கள் ஆட்களைத் தேடி அவர்களே போயிருந்தார்கள்.

அந்த நாட்களில் சென்னையில் ஆளும் கட்சிக்குத் தேடுதல் வேலை ஒன்று தீவிரமாக நடந்துகொண்டிருந்தது. ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், டிசம்பர் 21. ஒரு சந்து விடாமல், ஒரு வீடு விடாமல் வாக்காளரைத் தேடினார்கள். வீட்டில் எத்தனை ஓட்டு, யார் வெளியூர் போயிருக்கிறார், எப்போது திரும்புவார் என்பது வரைக்கும் சுத்தமாகப் பட்டியல் வைத்திருந்தார்கள். எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படவில்லை.

காணாமல் போனவரின் மனைவிக்கு என்ன நேர்கிறது என்பதையும் இந்த அறிவிப்பில் சொல்லிவிட வேண்டும். ஏழு வருஷம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் ஒருவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்கிறது சாட்சியச் சட்டம். அதுவரை அவள் சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை. விதவை உதவித்தொகைக்கு மனுப் போட இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். இறப்புச் சான்றிதழுக்கு உடல் கேட்பார்கள். உடலைக் கேட்டால் கடலைக் காட்டுவார்கள். ஒக்கிக்குப் பிறகு இந்த விதியைத் தளர்த்தி 20 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள், உண்மைதான். அந்தத் தளர்வும் கெஞ்சியும் மறித்தும் வாங்கியதுதான். அடுத்த பேரிடரில் மறுபடி முதலிலிருந்து கெஞ்ச வேண்டும்.

மலைக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மீது மலை இறங்கியது. 70 பேர். கயத்தாறு பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் கொழுந்து பறிக்கப் போன தமிழர்கள். மழையில் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாததால் செல்போன் டவர் வேலை செய்யவில்லை, வெளியுலகத்துக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலையில்தான். வானத்தில் பறக்கும் கேமராவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு டவருக்கு ஜெனரேட்டர் போட்டிருக்கலாம். அது உயரத்தில் பறக்காது, அதை யாரும் படம் எடுக்க மாட்டார்கள், அதனால் போடவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தேடினார்கள். நாலு பேரின் உடல் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருந்த நாட்களில், ஆற்றில் ஒரு மரத்தடியில் சிக்கிக் கிடந்த இரண்டு வயதுக் குழந்தையைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? குவி. அந்தக் குழந்தையோடு லயத்தில் விளையாடித் திரிந்த வீட்டு நாய். ரிமோட் பைலட் சான்றிதழ் இல்லாத நாய். ட்ரோன் பதிவுக்கான டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பதிவெண் இல்லாத நாய். அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, யார் காணோம் என்பது. அந்த ஒன்று தெரிந்ததால் சாப்பிடாமல் கொள்ளாமல் தேடிப் போய் நின்றது.

பெட்டிமுடிக்கு அடுத்த நாள் இரவு கோழிக்கோட்டில் துபாய் விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. அதுவும் பெரிய துயரம்தான். அங்கே இறந்தவர்களுக்குக் கேரள அரசு தலா 10 லட்சம் அறிவித்தது. லயத்தில் படுத்திருந்து செத்தவர்களுக்கு 5 லட்சம். கோழிக்கோட்டுக்கு முதலமைச்சர் மறுநாளே போனார். பெட்டிமுடிக்குப் போனது ஆகஸ்ட் 13. ஆகவே, பொதுமக்கள் தங்கள் சாவைத் திட்டமிடும்போது வாகனத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கவும். மண்ணில் படுத்தபடி சாவதற்கு அரைக் கட்டணம்தான் கிடைக்கும்.

இன்னொரு விசேஷம் உண்டு. அதே 2020ஆம் ஆண்டில்தான் கிராமத்து வீடுகளை ட்ரோனால் படமெடுத்து அளந்து சொத்து அட்டை கொடுக்கும் 'ஸ்வாமித்வா' திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் லயத்துக்காரருக்கு வீடு ஏது? அது கம்பெனியுடையது. நாலு தலைமுறையாகப் படுத்த இடம் அவருடையதாக இல்லாததால், உயிரோடு இருந்தவரை எந்த ட்ரோனுக்கும் அவரிடம் ஜோலி இல்லை. மேலே மலை எங்கே வெடித்திருக்கிறது, ஓடை எங்கே திசை மாறியிருக்கிறது என்று மழைக்கு முன்னால் ஒரு தடவை பறந்து பார்த்திருக்கலாம். அதற்கு மூடுபனியும் கிடையாது, காற்றும் கிடையாது, மே மாதத்து வெயிலில் தாராளமாகப் பறந்திருக்கலாம். பறக்கவில்லை. இறந்த பிறகுதான் அவர் மேலே கேமரா பறக்கிறது.

வயநாட்டில் இதை இன்னும் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். 2019 ஆகஸ்டில் புத்துமலை சரிந்து 17 பேர் போனார்கள், ஐந்து பேரின் உடல் இன்றுவரை அந்த மண்ணுக்குள்தான். அங்கிருந்து சில கிலோமீட்டரில் முண்டக்கையும் சூரல்மலையும். ஐந்து வருஷம் அவகாசம் இருந்தது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் அவை போயின. அப்புறம் எல்லாம் வந்தன. வெப்பக் கேமரா ட்ரோன்கள், ரேடார்கள், மோப்ப நாய்கள், ராணுவம். ராணுவம் ஒன்றரை நாளில் பெய்லி பாலம் போட்டதை யாரும் மறுக்க முடியாது. ஆகஸ்ட் 2 அன்று ரேடாரில் மூச்சு இருப்பதுபோல ஒரு சைகை தெரிந்ததாம், இருட்டிய பிறகும் தோண்டினார்கள், யாரும் இல்லை. தோண்டிய கைகளுக்கு என் வணக்கம். ஆனால் அந்த மலையில் இருந்தவர்களைச் சாலியாறு நிலம்பூர் வரைக்கும் இழுத்துப் போயிருந்தது. ஆற்றங்கரையில் நடந்து நடந்து உடல்களையும் உடல்களின் துண்டுகளையும் பொறுக்கியது பெரும்பாலும் ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும்தான். அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் புதைத்து, பெயருக்குப் பதிலாக எண் எழுதிக் கல் நட்டார்கள். 2019இல் காணாமல் போனவர்கள் கிடக்கும் அதே மண்.

அப்புறம் பில் வந்தது. மீட்புக்கு விமானப்படை பறந்த செலவு, பழைய வெள்ளங்களின் பாக்கியையும் சேர்த்து, 132 கோடியே 62 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லிக் கேரளத்துக்கு மத்தியப் பாதுகாப்பு அமைச்சகம் கடிதம் எழுதியது. உயர் நீதிமன்றமே இந்த நேரத்தில் இது என்ன என்று கேட்கும்படி ஆனது. காணாமல் போனவரின் கணக்கை எழுத ஆளில்லாத நாட்டில், அவரைத் தேடிப் பறந்த கணக்கைக் கடைசி லட்சம் வரைக்கும் எழுதி வைத்திருந்தார்கள். வாடகை டாக்ஸிக்காரர்கூட இழவு வீட்டு சவாரிக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் காசு கேட்பார்.

நம் அரசுகளுக்கு ட்ரோன் ஓட்டத் தெரியாது என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். பிரமாதமாக ஓட்டுவார்கள். 2022 ஜனவரி 29 அன்று டெல்லியில் பாசறை திரும்பும் விழாவில் ஆயிரம் ட்ரோன்கள் இருட்டில் ஒன்றோடொன்று இடிக்காமல் பறந்து படம் வரைந்தன. அதே ஆண்டு மே மாதம் நடந்த ட்ரோன் திருவிழாவில், வளர்ச்சிப் பணிகள் எப்படி நடக்கின்றன என்று ட்ரோன் அனுப்பி யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதாகப் பிரதமர் சொன்னார். 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு மருந்து தெளிக்க ட்ரோன் கொடுக்க 2023இல் 1,261 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பயிரில் பூச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் சிகரம் ஷம்பு எல்லை. 2024 பிப்ரவரி 13. டெல்லிக்குப் புறப்பட்ட பஞ்சாப் விவசாயிகளை ஹரியானா போலீஸ் மறித்தது, ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் போட்டது. அடடா, என்ன துல்லியம்! மனிதர் எங்கே இருக்கிறார் என்பது தெரிந்தது. எத்தனை பேர் என்பது தெரிந்தது. காற்று ஒரு பொருட்டாக இல்லை. பேட்டரி தீரவில்லை.  விவசாயிகள் பட்டம் விட்டு அந்த ட்ரோன்களின் இறக்கையை நூலில் சிக்க வைக்கப் பார்த்தார்கள். கேமரா ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, தலைக்கு நேர் மேலே நின்று, அவருக்கென்று கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் முழு வேலையையும் நம் அரசு ஒன்று செய்து காட்டிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஜோவுக்குத் தண்ணீர் போட ஏழு வருஷம் ஆயிற்று. ஷம்புவில் புகை போட ஒரு நாள் போதுமாக இருந்தது.

எனவே இந்த அறிவிப்பில் ஒரு திருத்தம். கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர்கள் மலையிலும் கடலிலும் தொலையாமல், ஒரு கோரிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு தலைநகரத்துச் சாலையில் நடக்கவும். உடனே கண்டுபிடிக்கப்படுவீர்கள்.

படிக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்திலும் சீக்கிரம் பேரிடர் மீட்பு ட்ரோன் தொடக்க விழா நடக்கும். ஷாமியானா போடுவார்கள், ஒலிபெருக்கி கட்டுவார்கள், ட்ரோன் மேலே போய் மேடையின் மீது ரோஜா இதழ் கொட்டும். கட்டாயம் போங்கள். போய், ரிப்பன் வெட்ட வந்தவரைக் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மழையில் கூப்பிட்டால் இதை ஓட்டும் ஆள் யார், அவர் பெயர் என்ன, சம்பளம் எவ்வளவு? பேட்டரி எத்தனை, நேற்று சார்ஜ் போட்டது யார்? இன்றைக்கு நம் கடலில் எத்தனை படகு, எந்தப் படகில் யார் யார், அந்தப் பட்டியல் எந்த மேஜையில் இருக்கிறது? மழைக்கு முன்னால் மலைக்கு மேலே இது எத்தனை தடவை பறக்கும்? பள்ளத்தில் ஒருவர் கையை ஆட்டுவதைத் திரையில் பார்த்துவிட்டால் இறங்கித் தூக்கப் போகிறவர் யார், அவருக்குக் கயிறும் காப்பீடும் உண்டா? இனித் தேட வேண்டாம் என்ற உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர் அதை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்வாரா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும்வரை கத்தரிக்கோலைக் கொடுக்காதீர்கள்.